மக் யார் கையில் இருக்கிறது?

"பையனுக்குத் தண்ணின்னாலே பயம் அக்கா. எந்த வயசுல நீச்சல் கிளாஸ்ல சேக்கலாம்?"

முழுப்பரீட்சை விடுமுறை நெருங்கினால் இந்தக் கேள்வியும் வந்துவிடும். இந்த முறை கேட்டது கீழ்வீட்டு மருமகள். நான் பதில் சொல்லாமல் இன்னொரு கேள்வி கேட்டேன்: வீட்டில் தலைக்கு ஊற்றும்போது மக் யார் கையில் இருக்கிறது? அவளுக்குக் குழப்பம். நீச்சல் குளத்துக்கும் குளியலறை மக்குக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

தண்ணீர்ப் பயம் என்று ஒரே பெயர் வைத்துவிடுகிறோமே தவிர, அது குழந்தைக்குக் குழந்தை வேறு. கீழ்வீட்டுப் பயலுக்கு மூன்றரை வயது. தெருவில் தேங்கிய மழைத்தண்ணீரில் செருப்போடு குதிப்பான். துணி ஊறவைத்த வாளியில் கையை விட்டு அளைந்துகொண்டே இருப்பான். ஆனால் தலைக்கு ஊற்ற மணையில் உட்கார வைத்தால் மேல்மாடிவரை கேட்கும். கண்ணை இறுக்கி மூடியிருக்கும் நேரத்தில், எந்த நொடியில் வந்து விழும் என்று தெரியாத தண்ணீர்தான் அவனுக்கு ஆகாது. இன்னொரு குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுவது பொருட்டே இல்லை. காலுக்கடியில் தரை தெரியாவிட்டால்தான் உடம்பு விறைக்கும். வேறொன்றுக்கு சத்தம். பம்ப்செட் குழாயிலிருந்து தண்ணீர் விழும் இரைச்சல் பெரியவர்களுக்கே பேச்சை மூழ்கடிக்கும். தொட்டி விளிம்பளவு உயரமுள்ள குழந்தைக்கு அது எப்படிக் கேட்கும் என்று யோசியுங்கள். சில குழந்தைகளுக்குக் கண் எரிச்சல், சிலவற்றுக்கு மூக்கில் ஏறிய தண்ணீர், சிலவற்றுக்கு வெறும் குளிர்.

இரண்டு வயதை ஒட்டி வரும் விசித்திரமான பயம் ஒன்று உண்டு. வாளியைக் கவிழ்த்ததும் தண்ணீர் சுழன்று சுழன்று சாக்கடை ஜாலிக்குள் மறைவதைப் பார்க்கும் குழந்தை, நாமும் இப்படி உள்ளே போய்விடுவோமோ என்று நினைக்கிறது. பெரியது சிறிய ஓட்டைக்குள் போகாது என்ற கணக்கு அந்த வயதில் இன்னும் கைவரவில்லை. அமெரிக்காவில் குழந்தைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பல்லாண்டுகள் நடத்திய ஃப்ரெட் ரோஜர்ஸ் இதற்கென்றே ஒரு பாட்டு எழுதிப் பாடினார். அந்த ஓட்டை வழியே நீ போகவே முடியாது என்று சொல்லும் பாட்டு. கேலி செய்யாமல் ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்து பாட்டெழுத வேண்டிய அளவுக்கு அந்தப் பயம் பரவலானது. ஆகவே முதல் வேலை, எதைக் கண்டு அழுகை தொடங்குகிறது என்று சில நாட்கள் சும்மா கவனிப்பது. மணையைப் பார்த்தா, மக்கைப் பார்த்தா, ஷாம்பு பாட்டிலைப் பார்த்தா, தலையைப் பின்னால் சாய்க்கும்போதா? அது தெரியாமல் குளம், வகுப்பு, கோச் என்று போவதில் பயனில்லை.

"எப்ப பயந்தான்னே தெரியல. ஒருவேளை மாமியார் வேகமா ஊத்தினாங்களோ?" என்றாள். மாமியாரை விட்டுவிடச் சொன்னேன். ஆஸ்திரேலியாவில் மென்சீஸ், கிளார்க் என்ற இரண்டு உளவியலாளர்கள், தண்ணீருக்குப் பயப்படும் 50 குழந்தைகளின் பெற்றோரிடம் இதையே விசாரித்து 1993-இல் வெளியிட்டார்கள். பாதிக்கு மேற்பட்ட பெற்றோர் சொன்னது, முதன்முதலாகத் தண்ணீரைப் பார்த்ததிலிருந்தே குழந்தை இப்படித்தான் என்று. மூழ்கப் பார்த்தது, தவறி விழுந்தது போன்ற சம்பவத்தைக் காரணமாகச் சொன்னவர்கள் மிகச் சொற்பம். மனிதக் குஞ்சுக்கு ஆழமான தண்ணீரிடம் ஒரு தயக்கம் இருப்பது இயல்பு என்றே வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான குழந்தைகள் விளையாட்டுப் போக்கில் அதைத் தாண்டி வந்துவிடுகின்றன. சிலவற்றுக்குத் தாண்ட வாய்ப்பே கிடைப்பதில்லை. கவனிக்க வேண்டியது அந்த வாய்ப்பைத்தான். குற்றவாளியைத் தேடி ஆகப்போவது ஒன்றுமில்லை.

நம் ஊரில் வாய்ப்பைப் பறிக்கும் விஷயம் ஒன்று ஜாதகத்தில் இருந்து வருகிறது. "இவனுக்குத் தண்ணில கண்டம்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். குளம் கிடையாது, கிணறு கிடையாது, பள்ளிச் சுற்றுலாவில் அருவி என்றால் அந்தச் சுற்றுலாவே கிடையாது. பிள்ளை பதினைந்து வயதில் நண்பர்களோடு யாருக்கும் சொல்லாமல் ஆற்றுக்குப் போவான். கூட்டத்தில் நீச்சல் தெரியாதவன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான். கண்டத்தை நம்புகிறவர்கள்தான் முதலில் நீச்சல் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொன்று, நம் உடம்பே காட்டிக்கொடுத்துவிடும். நீச்சல் தெரியாத அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு முட்டியளவுத் தண்ணீரில் நின்றால், அவள் விரல்கள் குழந்தையின் விலாவில் பதியும், தோள் ஏறிக்கொள்ளும், மூச்சு நிற்கும். வாயால் "ஒண்ணும் இல்லடா கண்ணா" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். குழந்தை விரல்களைத்தான் நம்பும். அம்மாவுக்குப் பயம் என்றால் முதல் கொஞ்ச நாட்கள் சித்தப்பாவோ அத்தையோ தண்ணீரில் இறங்கட்டும். அம்மா கரையில் இருந்து கைதட்டட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி, எல்லா வீட்டிலும் ஒரு தாத்தா சொல்லும் பழைய வைத்தியம்: "எங்க காலத்துல தூக்கிக் கிணத்துல போட்டாங்க, தானா வந்துச்சு." இதை நான் முழுக்கத் தள்ளுவதில்லை. கதையில் விட்டுப்போன பகுதியைச் சேர்த்துக் கேட்க வேண்டும் என்றுதான் சொல்வேன். கமலைக் கிணற்றிலும் பம்ப்செட் கிணற்றிலும் நீச்சல் கற்ற பிள்ளைகள், கற்பதற்கு முன்பே எத்தனையோ கோடைகளைக் கிணற்றுப் படியில் உட்கார்ந்து கழித்தவர்கள். அண்ணன்கள் மேட்டிலிருந்து குதிப்பதையும், உள்நீச்சலில் போய் அடிமண்ணை அள்ளி வருவதையும் பார்த்துப் பார்த்து ஏங்கியவர்கள். இறங்கும்போது இடுப்பில் கயிறோ, முதுகில் சுரைக்குடுக்கையோ, அணைத்துக்கொள்ள வாழைத்தண்டோ இருந்தது; பிற்காலத்தில் காலி பிளாஸ்டிக் கேன். கயிற்றின் மறுமுனை மாமன் கையில். கடைசியில் ஒருநாள் தள்ளிவிட்டதுதான் நினைவில் நிற்கிறது, ஏனென்றால் அதுதான் சொல்லச் சுவையானது. இன்னும் ஒன்று: தள்ளிவிடப்பட்டு நீந்தியவர்கள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். தள்ளிவிடப்பட்ட பிறகு வாழ்நாள் முழுக்கத் தண்ணீர்ப் பக்கமே போகாதவர்கள் கதை சொல்வதில்லை.

படிப்படியாகப் பயத்தைக் கரைக்கும் முறையை முறையாகச் சோதித்து எழுதிவைத்த முதல் ஆட்களில் ஒருவர் மேரி கவர் ஜோன்ஸ். 1924-இல் வெளிவந்த அவருடைய கட்டுரையில் பீட்டர் என்ற சிறுவன் வருகிறான். வயது மூன்றுகூட நிரம்பவில்லை. வெள்ளெலிக்குப் பயம், முயலுக்குப் பயம், கம்பளி ரோமத்துக்கும் பஞ்சுக்கும்கூடப் பயம். ஜோன்ஸ் என்ன செய்தார் என்றால், பயமில்லாத மற்றக் குழந்தைகளோடு அவனை விளையாட விட்டு, முயலைக் கூண்டில் வைத்து அறையின் மூலையில் நிறுத்தினார். பிறகு அவன் நாற்காலியில் உட்கார்ந்து பிடித்த தின்பண்டத்தைத் தின்னும் நேரத்தில், அவன் தின்பதை நிறுத்தாத தூரம்வரை மட்டும் கூண்டைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தார். நாள்போக்கில் பீட்டர் முயலைத் தடவினான், தன் விரலைக் கொறிக்கவும் விட்டான்.

இதில் நம் வேலைக்கு உதவும் இரண்டு விவரங்கள் உண்டு. நடுவில் பீட்டருக்கு உடம்பு சரியில்லாமல் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தான்; திரும்பும் வழியில் ஒரு பெரிய நாய் அவன்மேல் பாய வந்தது. அதோடு பயம் பழைய இடத்துக்கே போய்விட்டது. ஜோன்ஸ் அங்கிருந்து மறுபடி தொடங்கினார். காய்ச்சலோ ஊருக்குப் போனதோ நடுவில் வந்தால் உங்கள் பிள்ளையும் பின்னால் போகும். பழைய படிக்குப் போய்த் தொடங்கினால் இரண்டாம் முறை சீக்கிரம் ஏறிவிடும். மற்றொன்று, ஜோன்ஸே கொடுத்த எச்சரிக்கை: கவனமில்லாமல் செய்தால் முயலின்மேல் உள்ள பயம் தின்பண்டத்தின்மேல் ஒட்டிக்கொள்ளும். சாக்லேட்டைக் காட்டி அழ அழத் தண்ணீரில் இறக்குகிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம். லஞ்சம் வேறு, இதமான சூழல் வேறு.

மக்குக்கு வருகிறேன். பயம் என்பதில் பாதி, அடுத்து என்ன நடக்கும் என்பது தன் கையில் இல்லை என்ற நிலை. அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். சின்ன மக் ஒன்றைக் குழந்தையின் கையில் கொடுத்து, உங்கள் காலில் ஊற்றச் சொல்லுங்கள். பொம்மைக்கு ஊற்றட்டும். துளசிச் செடிக்கு ஊற்றட்டும். தன் பாதத்தில், முட்டியில், வயிற்றில், தோளில். தோள்வரை வந்த குழந்தை ஏதோ ஒரு நாளில் தானே தலையில் கவிழ்த்துக்கொள்ளும், நாம் கேட்காமலேயே. கேட்காமல் இருப்பதுதான் இங்கே கஷ்டமான வேலை. அடுத்த படி ஒன்று உண்டு என்பதை நாம் முடிவு செய்யலாம். எப்போது ஏறுவது என்பது பிள்ளையின் முடிவு.

நாம் ஊற்ற வேண்டிய நாட்களில் எண்ணிக்கை பிள்ளையின் வாயில் இருக்கட்டும். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று அவன் சொல்லி முடித்த பிறகுதான் தண்ணீர் விழும். "போதும்" என்றால் அந்த நொடியில் நிற்கும், தலையில் நுரை இருந்தாலும். ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போகிறது. நான் பார்த்தவரை இந்த "போதும்"தான் பெரிய மருந்து. முதல் சில நாட்கள் நம்மைச் சோதிப்பதற்காகவே வேண்டுமென்று சொல்வார்கள். நிற்கிறது என்று தெரிந்ததும் சொல்வது குறைந்துவிடும்.

"தலைக்கு ஊத்த மாட்டேன், சும்மா வா" என்று அழைத்துப்போய் ஊற்றுகிற வேலை மட்டும் வேண்டாம். ஒரே ஒருநாள் வேலை சுலபமாக முடியும். மறுநாளிலிருந்து குளியலறை வாசலே பயமாகிவிடும். தண்ணீர்மேல் இருந்தது உங்கள் பேச்சின்மேல் தாவிவிடும். தலைக்கு ஊற்றுகிற நாள் என்றால் காலையிலேயே சொல்லிவிடுவது மேல். அழட்டும். அழுகைக்குத் தயாராக வரும் குழந்தையைச் சமாளிக்கலாம், ஏமாந்த குழந்தையைச் சமாளிப்பது கடினம்.

எண்ணெய்க் குளியல் நம் வீடுகளில் தனி அத்தியாயம். கண்ணில் எண்ணெய், அதன்மேல் சீயக்காய்த்தூள், சூடான தண்ணீர், அசையவிடாத பாட்டியின் முழங்கால். பயமுள்ள குழந்தைக்குத் தாங்க முடியாத நான்கை ஒரே நேரத்தில் வைக்கிறோம். பயம் தெளியும்வரை இவற்றைப் பிரித்துவிடுங்கள். எண்ணெய் ஒருநாள் கொஞ்சமாக, கண் எரியாத சோப்பு, நெற்றியில் மடித்த துண்டு. பாட்டிக்கு இதைச் சொல்வது உங்கள் சாமர்த்தியம்.

ஆனால், அழுகிறதே என்று தலைக்குக் குளிப்பாட்டுவதையே நிறுத்திவிடுவதும் தவறு. பயத்தின் இயங்குமுறை இப்படி: நெஞ்சு படபடக்கும் உச்சத்தில் அங்கிருந்து ஓடினால் உடனே நிம்மதி வருகிறது. ஓடியதால் தப்பித்தோம் என்று மூளை எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் ஓடச் சொல்கிறது. ஓடாமல் கொஞ்சம் நின்றிருந்தால் படபடப்பு தானாக இறங்குவதை உடம்பு கண்டிருக்கும். அதற்காகப் பிடித்து நிறுத்தினால் அது கிணற்றில் தள்ளும் கதைதான். ஓடத் தோன்றாத அளவுக்குப் படியைச் சின்னதாக வைப்பதுதான் வழி. குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும்போதே அன்றைய விளையாட்டை முடித்துவிடுங்கள். "இன்னும் கொஞ்சம்" என்று நாம் கேட்பதைவிட அவர்கள் கேட்பது நல்லது.

அடுத்து மூச்சு. நீச்சலில் கையும் காலும் பிறகுதான். பயந்த குழந்தை தண்ணீர் முகத்தில் பட்டதும் வாயைத் திறந்து உள்ளே இழுக்கும், புரை ஏறும், பயம் இரட்டிக்கும். எனவே வெளியே விடப் பழக்க வேண்டும். டம்ளரில் ஸ்ட்ரா போட்டுக் குமிழி விடட்டும். பிறகு ஸ்ட்ரா இல்லாமல், சூடான டீயை ஊதுவதுபோல் வாளித் தண்ணீரின் மேற்பரப்பை ஊதட்டும். பிறகு உதட்டை நனைத்து. பிறகு வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகச் சொல்லுங்கள். முனகும்போது காற்று மூக்கு வழியாக வெளியே வந்துகொண்டே இருப்பதால் தண்ணீர் உள்ளே ஏற வழியில்லை. இந்தச் சின்ன வித்தை வசப்பட்ட பிள்ளை, கன்னத்தையும் காதையும் தண்ணீரில் வைக்கத் தயங்குவதில்லை. மூக்கைக் கையால் பொத்தச் சொல்லிக்கொடுப்பதைவிட இது மேல், ஏனென்றால் கை வேறு வேலைக்குத் தேவைப்படும்.

வெந்நீரும் மருந்துதான். தண்ணீர் உடம்பின் சூட்டைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும். எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல்பரப்பு நம்மைவிட அதிகம். ஆகவே நமக்கு "ஜில்லுன்னு சுகமா" இருக்கும் குளத்தில் அது சீக்கிரமே நடுங்கத் தொடங்கும். திடீர்க் குளிர் மூச்சை உள்ளிழுக்கவும் வைக்கும். உதடு கருநீலமானால் அன்றைய பாடம் முடிந்தது. துண்டைப் போர்த்தித் தூக்கிக்கொள்ளுங்கள். சிறு குழந்தைகளுக்கு 30 டிகிரிக்குக் குறையாத தண்ணீர் நல்லது. எதிர்த்திசையிலும் ஒரு ஆபத்து: சித்திரை மதியத்தில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் சுட்டுவிடும். குழாயைத் திறந்து முழங்கையில் பார்த்த பிறகே குழந்தைமேல்.

குளியலறையில் சிரிப்பு வந்த பிறகு வெளியே போகலாம். கிராமத்தில் சொந்தக்காரர்கள் இருந்தால் பம்ப்செட் தொட்டியைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. சிமெண்டுத் தரை தெரியும், பக்கச்சுவரைப் பிடித்துக்கொள்ளலாம், பெரியவர்களுக்குத் தொடையளவுதான் இருக்கும். முதலில் மோட்டாரை நிறுத்திவிட்டு இறக்குங்கள்; இரைச்சல் பிறகு சேரட்டும். தொட்டியில் பாசி இருந்தால் நீங்களே வழுக்கி விழுந்து பாடத்தைக் கெடுத்துவிடுவீர்கள், முதலில் தேய்த்துவிடுங்கள். கோயில் குளத்துப் படிகளும் பாசிதான். அதோடு எந்தப் படியோடு ஆழம் தொடங்குகிறது என்று கலங்கிய தண்ணீரில் தெரியாது. அருவி என்றால் தண்ணீர் விழும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகாமல், வழிந்தோடும் ஓரத்தில் கூழாங்கல் பொறுக்க விடுங்கள்.

கடல் கடைசி. அலை யார் சொல்லுக்கும் நிற்காது. "போதும்" என்று குழந்தை சொன்னால் நிறுத்த நமக்கு அதிகாரம் இல்லாத ஒரே தண்ணீர் அது. ஈர மணலில் குழி தோண்டுவது, அலை வந்து குழியை நிரப்புவதை வேடிக்கை பார்ப்பது, இவ்வளவு போதும். மெரினாவில் இறங்கிக் குளிக்க வேண்டாம் என்று எழுதி வைத்திருப்பது நீச்சல் தெரிந்தவர்களுக்கும் சேர்த்துத்தான்; அங்கே கீழிழுப்பு அதிகம்.

நீச்சல் குளத்தில் பெரும்பாலான அப்பாக்கள் நின்ற வாக்கில் குழந்தையை நெஞ்சுயரத்தில் தூக்கிவைத்துக்கொள்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் குளம் பள்ளத்தாக்கு. கழுத்தளவு தண்ணீர் வரும்படி நீங்கள் முட்டியை மடக்கி உட்காருங்கள். உங்கள் கண்ணும் அவன் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். கக்கத்தில் தாங்குங்கள், இறுக்காதீர்கள். முதலில் கற்க வேண்டியது வெளியேறுவது. படியில் இறங்கி ஏறுவது, விளிம்பைப் பிடித்து முழங்கையை ஊன்றி வயிற்றால் தவழ்ந்து மேலே வருவது, சுவரைப் பிடித்துக்கொண்டு நண்டுபோல் பக்கவாட்டில் நகர்வது. எப்போது வேண்டுமானாலும் வெளியே வரத் தெரிந்த குழந்தை, உள்ளே இருக்கத் தயங்குவதில்லை. தவறி விழுந்தால் உயிர் காப்பதும் இதுதான் என்பது கூடுதல் லாபம்.

மல்லாக்க மிதப்பது கடினமான பாடம், அவசரப்பட வேண்டாம். நுரையீரலில் காற்று நிறைந்தால் உடம்பு தானே மிதக்கும்; அது இயற்பியல். தலையைத் தூக்கிப் பார்த்தால் இடுப்பு கீழே போகும், அதுவும் இயற்பியல்தான். ஆனால் மல்லாந்தால் யார் முகமும் தெரியாது, காதுக்குள் தண்ணீர் புகுந்து உலகமே ஊமையாகும். அந்த ஊமைத்தனத்தை முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் குழந்தை துள்ளி எழும். அவன் தலையை உங்கள் தோளில் சாய்த்து, கன்னத்தோடு கன்னம் வைத்து, வானத்தில் காக்கா எண்ணுங்கள். அப்படியே மெல்லத் தோளைத் தாழ்த்தினால் போதும். கையில் மாட்டும் காற்றுப் பைகளை நான் ஊக்குவிப்பதில்லை. செங்குத்தாகத் தொங்க வைக்கும், நீச்சலுக்குத் தேவையான படுக்கை நிலையைப் பழக விடாது. அது கழன்ற அன்று, தனக்கு நீச்சல் தெரியும் என்று நம்பிக் குழந்தை குதித்துவிடும்.

"என் நாத்தனார் பொண்ணு நல்லா நீந்துவா, அவளைக் காட்டினா பயம் போயிடுமா?" நல்ல கேள்வி. 1967-இல் ஆல்பர்ட் பாண்டூராவும் உடன் பணியாற்றியவர்களும், நாய்க்குப் பயந்த பாலர்பள்ளிக் குழந்தைகளுக்கு, பயமில்லாத ஒரு சிறுவன் நாயோடு விளையாடுவதைக் காட்டினார்கள். பார்த்த பல குழந்தைகள் பிறகு தாங்களும் நாயை நெருங்கினார்கள். தண்ணீர் விஷயத்தில் மென்சீஸும் கிளார்க்கும் மூன்று முதல் எட்டு வயதுக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தபோது, வெறுமனே பார்த்ததால் பெரிய பலன் இல்லை. தாங்களே படிப்படியாகத் தண்ணீரில் இறங்கிய குழந்தைகள்தான் தேறின. ஆகவே அத்தை மகள் பக்கத்தில் விளையாடட்டும், அது உற்சாகம். "பாரு, உன்னைவிடச் சின்னவ" என்று ஒப்பிட்டீர்களோ, தண்ணீரோடு அத்தை மகளையும் பிடிக்காமல் போய்விடும்.

கிணற்றில் பூதம் இருக்கிறது, குளத்தில் முனி இழுக்கும் என்று பயமுறுத்தி வைப்பதையும் விட்டுவிடுங்கள். நோக்கம் நல்லதுதான், நான்கு பக்கமும் கைப்பிடிச் சுவரில்லாத கிணறுகள் இருந்த ஊரில் பாட்டிகளுக்கு வேறு வழியும் இருக்கவில்லை. ஆனால் பூதத்தை நம்புவது நின்ற வயதில் பிள்ளையிடம் எந்த விதியும் மிச்சமிருக்காது. "பெரியவங்க கையைப் பிடிக்காம தண்ணிகிட்டப் போகக்கூடாது" என்ற ஒரே விதி, தினமும், எல்லாத் தண்ணீருக்கும். அதற்குப் பூதம் தேவையில்லை.

வகுப்பு எப்போது என்ற முதல் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி, ஒரு வயதுக்கு மேல் பல குழந்தைகளுக்கு நீச்சல் பயிற்சி பயன்தரும் என்றும், நான்கு வயதுக்குள் பெரும்பாலானவை தயாராகிவிடும் என்றும் சொல்கிறது. ஒரு வயதுக்குள் சேர்ப்பதால் மூழ்கும் ஆபத்து குறையும் என்பதற்குச் சான்று இல்லை. சேர்ப்பதற்கு முன் ஒருநாள் குளத்தின் ஓரத்தில் நின்று வேடிக்கை பாருங்கள். அழும் குழந்தையை கோச் என்ன செய்கிறார்? தலையை அமுக்கி முக்குகிறார் என்றால் திரும்பி வந்துவிடுங்கள், கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும். ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று எண்ணுங்கள். இத்தனை நாளில் நீச்சல் உறுதி என்ற கோடைக்கால விளம்பரங்கள் பயமில்லாத பிள்ளைகளுக்கு ஒத்துவரலாம். உங்கள் பிள்ளைக்குக் கெடு வைக்காத இடம் வேண்டும். காதில் வலியோ சீழோ இருந்தால் முதலில் டாக்டர். வெறும் குளியலே மாதக்கணக்கில் போராட்டமாகி, வாந்தி, தூக்கம் கெடுவது என்று போனால் குழந்தைகளுக்கான மனநல ஆலோசகரைப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு கீழ்வீட்டு மருமகள் முகம் தெளிந்தது. தெளியட்டும் என்று விடாமல் கடைசிப் பகுதியையும் சொன்னேன், ஏனென்றால் இதைத்தான் யாரும் கேட்பதில்லை. பயமுள்ள குழந்தை தண்ணீர்ப் பக்கம் போகாது. பயம் தெளிந்த குழந்தை போகும். நம் கண்காணிப்பு கூட வேண்டிய நேரம் அப்போதுதான் தொடங்குகிறது. 2021-இல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் கிட்டத்தட்ட கால்வாசி ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். 2009-இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், முறையான நீச்சல் பயிற்சி பெற்ற ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு மூழ்கும் ஆபத்து 88 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. பெரிய எண்தான். ஆனாலும் மீதி 12 நம் வீட்டில் நடக்காது என்று யாரும் எழுதித்தரவில்லை.

வங்கதேசத்தில் ஊர்க்குளங்களிலேயே மூங்கில் மேடை கட்டி நீச்சல் சொல்லிக்கொடுக்கிறார்கள். 25 மீட்டர் நீந்த வேண்டும், 30 விநாடி மிதக்க வேண்டும் என்பது அங்கே தேர்ச்சிக்கான அளவு. அதே நாட்டில் அதைவிடச் சின்னக் குழந்தைகளுக்குச் செய்தது வேறு: அம்மாக்கள் வேலையாக இருக்கும் பகல் நேரத்தில் பார்த்துக்கொள்ள ஊருக்குள்ளேயே காப்பகங்கள். அந்த வயதில் நீச்சலைவிட ஒரு ஜோடிக் கண்கள்தான் காப்பாற்றும் என்று அங்கே கண்டுகொண்டார்கள்.

மூழ்கும் குழந்தை சினிமாவில் வருவதுபோல் கத்தாது, கையை ஆட்டாது. மூச்சுக்கே வழியில்லாதபோது குரல் எங்கிருந்து வரும்? சத்தமில்லாமல், ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அரை வாளித் தண்ணீரில் தலைகீழாக விழுந்த குழந்தையால் எழ முடியாது, ஏனென்றால் அந்த வயதில் தலைதான் கனம். ஆகவே குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்து வைப்பது, சம்ப் மூடியைப் பூட்டுவது, வெளியே என்றால் கையெட்டும் தூரத்தில் நிற்பது, போனைப் பைக்குள் போடுவது. கூட்டமாகப் போகும்போதுதான் அதிகம் ஏமாறுகிறோம். அங்கே நான்கு பெரியவர்கள் இருப்பார்கள், நால்வரும் மற்ற மூவர் பார்த்துக்கொள்வதாக நினைத்துக்கொள்வார்கள். ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரைக்குப் போனாலும் சரி, சொந்தக்காரர் தோட்டத்துத் தொட்டிக்குப் போனாலும் சரி, யார் முறை என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்: "இப்ப நான் பாத்துக்கறேன், நீ போய்ச் சாப்பிட்டுட்டு வா. நீ வந்து சொன்னப்பறம்தான் நான் எந்திரிப்பேன்."